டெப்த் ஆஃப் ஃபீல்ட்: புலவாழமா, குவியாழமா, தெளிவாழமா?

அனைவருக்கும் வணக்கம்.

மாணவர் குறும்படத்துக்குக் கேமரா தேர்வு செய்யும் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. சென்சாரை உணரி என்றும் லென்ஸை லென்ஸ் என்றும் முடிவு செய்தாயிற்று. டெப்த் ஆஃப் ஃபீல்ட், அதாவது படத்தில் தெளிவாகத் தெரிகிற முன்பின் தூரம், அதற்குத் தமிழ்ச்சொல் மட்டும்தான் பாக்கி. நீங்கள் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாகத் தந்து கீழே பதில் சொல்கிறேன்.

> புலப்படுவது புலம். அந்த வேரிலிருந்துதான் புலமை, புலவர் எல்லாம். புலவாழமே சரி.

வேர் சரிதான், ஐயா. ஆனால் புலம் என்றதும் மாணவருக்கு மின்புலமும் காந்தப்புலமும்தான் நினைவுக்கு வரும். புலவாழம் என்பதைப் புலவரின் ஆழம் என்று படிக்கிறவர்களும் இருப்பார்கள்.

> குவியாழம் வினைத்தொகை. குவிந்த, குவிகின்ற, குவியும் என முக்காலமும் அடக்கம்.

இலக்கணம் அழகாக அமைந்திருக்கிறது. ஆனால் டெப்த் ஆஃப் ஃபோகஸ் என்று இன்னொன்று இருக்கிறதே. லென்ஸுக்குப் பின்னால், உணரி எவ்வளவு தூரம் வரை முன்பின் நகர்ந்தால் படம் மங்காது என்கிற அளவு அது. குவியாழம் அதற்கு உரிய பெயர். அதை இங்கே கொடுத்துவிட்டால் அங்கே என்ன செய்வோம்?

என் தெரிவு தெளிவாழம். கையேட்டில் அது வரும் பத்தியைப் பாருங்கள். 36×24 மி.மீ. உணரி, 50 மி.மீ. லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப்/2, நடிகர் ஒன்றரை மீட்டர் தள்ளி. தெளிவாழம் ஏறக்குறைய 11 செ.மீ. அவர் வசனத்தோடு கொஞ்சம் முன்னே சாய்ந்தாலே படத்தில் அவர் கண் மங்கிவிடும். 17.3×13 மி.மீ. உணரியில் 25 மி.மீ. லென்ஸ் போட்டால் ஏறத்தாழ அதே காட்சி. எஃப்/2-இலேயே தெளிவாழம் சுமார் 22 செ.மீ. நடிகர் நகர நகர ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கத் தனி ஆள் இல்லாத மாணவர் குழுவுக்குச் சிறிய உணரியே நல்லது என்று இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சொல்கிறோம். பின்னணி மங்குகிற அழகுக்காகப் பெரிய உணரி கேட்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பத்தி ஒரே வாசிப்பில் விளங்க வேண்டும்.

> தெளிவுவாழம் என்றல்லவா புணரும்?

இல்லை. தெளிவு என்பதன் கடைசி உகரம் போன்ற முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும். நன்னூல் இடம் தருகிறது. கதவு, அழகு சேர்ந்தால் கதவழகு. அப்படித்தான் தெளிவாழமும்.

> படப்பிடிப்பில் எல்லோரும் டெப்த் என்றுதானே சொல்கிறோம்? எதற்கு இந்தப் பாடு?

அங்கே அப்படியே சொல்லட்டும். பாடத்தில் முதல் முறை இரண்டையும் சேர்த்து அச்சிடலாம். அப்புறம் தமிழ்ச்சொல் மட்டும் போதும். சொல் புழங்க ஓர் இடம் வேண்டாமா?

> இதில் ஆழமே இல்லை. அண்மை எல்லை ஒன்று, சேய்மை எல்லை ஒன்று, இடைப்பட்ட வீச்சு. தெளிவீச்சு என்பதே பொருத்தம்.

இதுவரை வந்த மறுப்புகளில் வலுவானது இதுதான். ஆனால் கேமரா ஒரே படத்தில் பதியக்கூடிய இருள்-வெளிச்ச வேறுபாடான டைனமிக் ரேஞ்சுக்கு ஒளிவீச்சு என்று ஏற்கெனவே எழுதியாயிற்று. ஒரே பக்கத்தில் இரண்டு வீச்சு வந்தால் மாணவர் குழம்புவார்.

இப்போதைக்குத் தெளிவாழத்தின் பக்கமே பெரும்பான்மை. புலவாழம் கேட்கும் ஐயா இன்னும் இசையவில்லை. இன்றிரவுக்குள் வேறு வலுவான மறுப்பு வராவிட்டால் தெளிவாழம் என்றே அனுப்பிவிடுகிறேன். வீச்சு விவாதத்தை அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எடுப்போம்.