கயல் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

குழு: அப்பத்தா வீடு (கயலின் அப்பா முருகேசன், அம்மா மீனா, அப்பாவின் அக்கா மலர் அத்தை, அம்மாவின் தம்பி பாண்டி மாமா)
17 மே 2025, சனிக்கிழமை

முருகேசன், காலை 9:12
அக்கா, ஜூன் 2 திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள். கயலுக்கும் இளங்கோவுக்கும் பை, சீருடை, நோட்டு எல்லாம் வாங்குவதற்காக இன்று மாலை டவுனுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். கயல் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி போவதால் வேறு என்னென்ன தேவைப்படும் என்று சொன்னீர்கள் என்றால், ஒரே நடையில் முடித்துவிடுவோம்.

மலர் அத்தை, காலை 9:30
தம்பி, பாடநூல், நோட்டு, புத்தகப் பை, காலணி ஆகியவற்றை அரசுப் பள்ளியிலேயே விலையின்றித் தருவார்கள். சீருடையும் எட்டாம் வகுப்பு வரை கிடைக்கும். அது கைக்கு வரச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், மீனாட்சியம்மன் கோயில் அருகிலுள்ள புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர்களிடம் ஒரு செட் மட்டும் தைத்துக்கொண்டால் போதும். எனக்குப் பெரிய கவலை கயலின் காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்த அந்தத் திட்டத்தில், பள்ளிக்குப் போனதும் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுப் பழகியவள் அவள். இனி மதிய உணவு மட்டுமே பள்ளியில் கிடைக்கும். காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும்.

மீனா, காலை 9:41
எனக்கும் அதே கவலைதான், மதினி. ஒத்தக்கடையிலிருந்து அவள் ஏழே முக்கால் பேருந்தைப் பிடிக்க வேண்டும்; நானோ ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவேன். இட்லி ஊற்றி வைத்துவிடலாம், அப்பத்தா பரிமாறிவிடுவார்கள். ஆனால் எழுந்த உடனே எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறாள்.

மலர் அத்தை, காலை 9:58
எழுந்த உடனே பசிக்காது, மீனா. இப்போது இரவு பதினொரு மணி வரை செல்போன் பார்த்துவிட்டு எட்டரைக்கு எழுந்திருக்கிற பிள்ளையை, ஜூன் 2 அன்று திடீரென்று ஆறு மணிக்கு எழுப்பினால், ஏழேகாலுக்கு அவளால் எப்படிச் சாப்பிட முடியும்? ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. ஆகவே ஆறு மணிக்கு எழ வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் தூங்கியாக வேண்டும். நாளை முதல் தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள், எழுந்ததும் சற்று நேரம் வாசல் வெளிச்சத்தில் இருக்கட்டும். இரவுத் தூக்கம் தானாகவே முன்னால் நகரும். தலைமையாசிரியையாக இருந்த காலத்தில், ஜூன் மாத இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கி உட்காரவைத்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், பெரும்பாலும் ‘டீ மட்டும்’ என்றே பதில் வரும். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது. இட்லிதான் என்றில்லை, கேழ்வரகுக் கூழும் ஒரு முட்டையும் இருந்தாலே போதும்.

முருகேசன், காலை 10:06
செல்போனை எட்டு மணிக்கு நான் வாங்கி வைத்துவிடுகிறேன், அக்கா. அவளிடம் மட்டும் சொன்னால் கேட்க மாட்டாள் என்பதால், என்னுடையதையும் சேர்த்தே வைத்துவிடுகிறேன்.

பாண்டி மாமா, காலை 10:15
மாமா, மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் தயாரா? சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குத் திங்கட்கிழமை நான் போய் வருகிறேன்.

மீனா, காலை 10:19
இரண்டும் கையில் இருக்கின்றன, பாண்டி. ஒன்றாம் வகுப்பில் சேரும் இளங்கோவின் ஆதாரில்தான் இன்னும் கைரேகை பதியவில்லை.

மலர் அத்தை, காலை 10:27
ஐந்து வயது முடிந்துவிட்டது அல்லவா, பதிந்துவிடுங்கள். அவனுக்கு ஐந்து வயதுக்குரிய முத்தடுப்பு ஊக்கத் தடுப்பூசியும், கயலுக்குப் பத்து வயதுக்குரிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியும் போட்டாகிவிட்டனவா என்று அட்டையைப் பாருங்கள்; விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். இளங்கோவுக்குக் காலை உணவு பள்ளியிலேயே கிடைத்துவிடும் என்பது உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மீனா, காலை 10:34
அட்டையைப் பார்த்துவிட்டேன், மதினி. கயலுக்குப் போட்டாகிவிட்டது, இளங்கோவுக்குத்தான் போட வேண்டும். பேருந்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அந்த நேரத்துக் கூட்டத்தில் பையோடு எப்படி ஏறி இறங்குவாள்?

மலர் அத்தை, காலை 10:45
பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கயல் முப்பது கிலோ என்றால் மூன்று கிலோதான். கால அட்டவணையைப் பார்த்து அன்றன்றைய புத்தகங்களை மட்டும் முந்தின இரவே அவளையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பாண்டி மாமா, காலை 10:52
அடுத்த வாரத்தில் ஒரு வேலை நாளில், அதே ஏழே முக்கால் பேருந்தில் கயலை நான் பள்ளி வரை கூட்டிப் போய் வருகிறேன், அக்கா. எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாலையைக் கடக்க வேண்டும் என்பதை அவளே எனக்குச் சொல்லட்டும். அன்று காலை ஏழேகாலுக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

மீனா, காலை 10:55
வெள்ளிக்கிழமை வா, பாண்டி. உனக்கும் சேர்த்து இட்லி ஊற்றி வைக்கிறேன்.