நுரையீரல் தொண்டு நிறுவனமும் பாதுகாப்பு ஆய்வுத் துறையும் சேர்ந்து சிலிக்கா பிரசாரம்: ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும்?

காற்றுப்பை (கேள்வி)

நுரையீரல் நோயாளிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கேட்கிறேன். கல் அறுக்கும் பட்டறைகளில் சிலிக்கா தூசியை (கல்லை அறுக்கும்போது கிளம்பி நுரையீரலைக் கெடுக்கும் நுண்தூசி) குறைக்க 2 ஆண்டு சேர்ந்து வேலை செய்யலாம் என்று தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வுத் துறை அழைக்கிறது. ஹெல்ப்லைன், நர்ஸுகள், நோயாளிகளின் நம்பிக்கை எல்லாம் நிறுவனத்திடம். சட்டமும் ஆய்வாளர்களும் அவர்களிடம். வந்திருக்கும் வரைவில் "தகவல் பரிமாற்றம்", "விழிப்புணர்வு", "இரண்டு லோகோ" மூன்றும்தான் இருக்கின்றன. கையெழுத்துக்கு முன் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? பலன் கிடைத்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது?

நடுச்சுவர்

கண்ணி "தகவல் பரிமாற்றம்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையிலிருந்து ஒருவர் ஹெல்ப்லைனுக்குப் பேசுகிறார், அடுத்த வாரம் ஆய்வாளர் வாசலில் நிற்கிறார் என்றால் யார் பேசியது என்று முதலாளிக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? அதன்பிறகு அந்தத் தொழிலில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் இப்படி எழுதி வாங்குங்கள்:

ஹெல்ப்லைன் விவரம் 3 மாதத்துக்கு ஒருமுறை, தொகுப்பாக மட்டும் போகும். எந்த வேலை, எந்த மெஷின், என்ன தொந்தரவு என்ற அளவோடு சரி. பட்டறைப் பெயரும் ஊரும் கிடையாது. ஒரு பிரிவில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட வேண்டும். புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் சம்மதத்தோடு இணைப்பைத் துறைக்கு மாற்றிக் கொடுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உடனடி உயிராபத்து மட்டும் விதிவிலக்கு. அதை முடிவு செய்பவர் யார் என்பதும் முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். சிலிக்கோசிஸை (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்) அரசுக்கு அறிவிக்கும்படி பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அந்தக் கடமை யாருடையது என்பதைச் சட்டத்தைப் பார்த்துப் பிரித்து எழுதுங்கள், ஹெல்ப்லைன் தலையில் தானாக வந்து விழக்கூடாது.

எதிர்த்திசையிலும் இதே சுவர் வேண்டும். அடுத்து எங்கே சோதனை என்ற பட்டியலைத் துறை உங்களுக்குத் தரக் கூடாது. எங்காவது கசிந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான்.

இன்னொன்று: துறையின் விதி போதாது என்று வெளிப்படையாகப் பேசும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒரு வரி. அதற்கு அவர்கள் முகம் சுளித்தால் கூட்டே வேண்டாம்.

தூசிமானி

உள்ளடக்கத்துக்கு வருகிறேன். "தூசி ஆபத்தானது" என்று போஸ்டர் அடிப்பதில் பயனில்லை, அது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். ஆய்வாளர் எதைப் பார்ப்பாரோ அதே வாக்கியம்தான் பட்டறைகளுக்கு நீங்கள் கொடுக்கும் தாளிலும் இருக்க வேண்டும்.

கையில் பிடிக்கும் கட்டிங் மெஷினுக்குப் பிரிட்டன் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டி நிமிடத்துக்குக் குறைந்தது 0.5 லிட்டர் தண்ணீர் கேட்கிறது. ஒரு பாத்திரத்தில் 1 நிமிடம் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். சொதப்புவது எங்கே என்றால்: தண்ணீர் தரும் அழுத்தத் தொட்டி பாதி வேலையில் காலியாகும், பிளேடின் ஒரு பக்கத்துத் தண்ணீர் முனை சேற்றில் அடைத்துக்கொள்ளும், தரையில் வழிந்த சேறு காய்ந்து மறுபடி தூசியாகும். ஏப்ரனில் ஒட்டியதும் அப்படித்தான். வேலை முடிந்ததும் காற்றுக்குழாயால் உடம்பை ஊதிக்கொள்கிறார்களே, நாள் முழுக்க அடக்கிய தூசி அந்த அரை நிமிடத்தில் மூக்குக்கு நேராகக் கிளம்பும். ஊதுவதும் பெருக்குவதும் கூடாது. எம் வகுப்பு அல்லது எச் வகுப்பு வேக்குவம் (நுண்தூசியை வெளியே விடாத வகை), இல்லாவிட்டால் ஈரத்துடைப்பு.

மாஸ்க் கடைசி வரிசை. எஃப்எஃப்பி3 வகை வடிகட்டி மாஸ்க் முகத்தோடு சரியாகப் பொருந்தினால் 20 மடங்கு வரை காக்கும். ஒரு நாள் தாடி இருந்தாலும் ஓரத்தில் ஒழுகும். துணி மாஸ்க்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்தக் கல் என்பதும் தாளில் வரட்டும். பளிங்கில் சிலிக்கா 2% வரை, கிரானைட்டில் சாதாரணமாக 30% அளவு, மணற்கல்லில் 70% முதல் 90%. சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் 90%-ஐயும் தாண்டும். அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. தேசிய சிலிக்கோசிஸ் தடுப்பு உத்தியை உருவாக்கும் பொறுப்பு அங்கே நுரையீரல் தொண்டு நிறுவனமான லங் ஃபவுண்டேஷன் ஆஸ்திரேலியாவிடம் போனது. போஸ்டர் ஒட்டுவதைத் தாண்டியும் தொண்டு நிறுவனத்துக்கு இடமுண்டு என்று பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

காற்றுப்பை

நன்றி. பட்டறை வாசலிலேயே எக்ஸ்ரே முகாம் போட்டு, கண்டறியப்பட்டவர்கள் எண்ணிக்கையைப் பலனாகக் காட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. சரிவருமா?

ஈரக்கல்

அளவுகோலாக வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நாள்பட்ட சிலிக்கோசிஸ் வெளியே தெரியப் பெரும்பாலும் 10 ஆண்டுக்கு மேல் ஆகும். இன்று தூசியை நிறுத்தினாலும் உங்கள் 2 ஆண்டில் நோயாளிகள் குறைய மாட்டார்கள். தேடுவதால் எண்ணிக்கை கூடவே செய்யும். "பிரசாரம் தொடங்கியதும் நோய் பெருகிவிட்டது" என்று தலைப்பு வரும். சாதாரண எக்ஸ்ரே ஆரம்ப நிலையைத் தவறவிடும், ஸ்பைரோமெட்ரியும் (மூச்சை ஊதி அளக்கும் சோதனை) நார்மலாகவே வரலாம். செயற்கைக் கல் தொழிலாளர்களுக்கு ஆஸ்திரேலிய வழிகாட்டி உயர்தெளிவு சிடி ஸ்கேனைச் சொல்வது அதனால்தான். "ஒன்றுமில்லை" என்று சீட்டு வாங்கியவர் மறுநாள் தண்ணீரை மூடிவிட்டு அறுப்பார்.

தூசியையே அளங்கள். தொடங்கும் முன் ஒருமுறை, 12-ஆம் மாதம் ஒருமுறை, அதே வேலைகளில். காற்றிழுக்கும் பம்ப் தொழிலாளியின் இடுப்பில், சைக்ளோன் தலை (நுரையீரல் வரை போகும் நுண்தூசியை மட்டும் பிரித்தெடுப்பது) மூக்கு வாயிலிருந்து 30 செ.மீ.க்குள், சைக்ளோனுக்கு உரிய வேகத்தில் (பிரிட்டனில் வழக்கமான வகைக்கு நிமிடத்துக்கு 2.2 லிட்டர்) காற்று இழுக்கட்டும். 8 மணி நேரச் சராசரியாக வரம்பு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கன மீட்டருக்கு 0.05 மி.கி., பிரிட்டனில் 0.1. அளவெடுக்கும் செலவு துறையுடையது, ஒப்பந்தத்தில் போடுங்கள். கூடவே, ஆய்வாளர் போகும் நேரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த மெஷின் எத்தனை என்ற எண்ணிக்கை. எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்தோம் என்ற கணக்கை அறிக்கையில் சேர்க்கவே வேண்டாம்.

நடுச்சுவர்

லோகோ விஷயம் விட்டுப்போச்சு. தண்ணீர், வேக்குவம் பற்றிய தாளில் இரண்டு லோகோவும் இருக்கட்டும். ஹெல்ப்லைன் எண் போட்ட தாளில் உங்களுடையது மட்டும். தாள் போய்ச் சேர்ந்து 6 வாரமாவது கழித்துத்தான் சோதனை தொடங்க வேண்டும், தேதியைத் துறை தன்னோடு வைத்துக்கொள்ளட்டும்.

தூசிமானி

தாளில் மாஸ்க் படத்தை முதலில் போடாதீர்கள், மாஸ்க் வாங்கிக் கொடுத்தாலே கடமை முடிந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் படம், பிளேடின் இரண்டு பக்கமும் தண்ணீர் அடிக்கும் முனை, அதுவும் அருகில் எடுத்த படம்.