செட்டிநாட்டில் நடந்து சுற்ற எங்கே போகலாம்?

காரைக்குடி மாப்பிள்ளை:
பொங்கலுக்கு மாமனார் ஊருக்கு வருகிறோம், நாலைந்து நாள் தங்கல். ஒவ்வொரு தடவையும் பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடிக் கல், ஏதாவது ஒரு பெரிய வீடு, அப்புறம் சாப்பாடு, திரும்பவும் சாப்பாடு என்று முடிந்துவிடுகிறது. இந்த முறை காலையில் கிளம்பி நடக்கிற மாதிரி இடம் வேண்டும். கூட வருவது அம்மா (முழங்கால் கொஞ்சம் தகராறு), எட்டு வயதுப் பையன். ஏறுவதற்கு மலை ஏதும் உண்டா?

ஊரணிக்கரை:
மாப்பிள்ளை, முதலில் மலையை மறந்துவிடுங்கள். இது செம்மண் பூமி, இங்கே நடக்க வேண்டியது தெருவிலும் கண்மாய்க் கரையிலும்தான். வெயில் ஏறுவதற்குள் கானாடுகாத்தான் போய்விடுங்கள். தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்கட்டு அடுத்த தெருவில் போய் முடியும், அதனால் ஒரு வீட்டைச் சுற்றி வந்தாலே கால் சூடேறிவிடும். பல வீடு பூட்டித்தான் கிடக்கும். அதனால் என்ன, நிமிர்ந்து முகப்பைப் பாருங்கள். சில வீடுகளில் சுதையில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள், கொஞ்சம் தள்ளி துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான். பையனிடம் எத்தனை சிப்பாய் என்று எண்ணச் சொன்னால் அவனே உங்களை இழுத்துக்கொண்டு நடப்பான்.

அப்புறம் ஊரணி. வீட்டுக் கூரையிலும் தெருவிலும் விழுகிற மழைத் தண்ணீரை வாய்க்கால் வழியாக ஊரணிக்குக் கொண்டுபோகிற ஏற்பாடு ஊர் கட்டும்போதே செய்தது. 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது வீடுகளோடு இதையும் சேர்த்துத்தான் பேசினார்கள். ஒரு சொல்: குடிதண்ணீர் ஊரணியில் செருப்போடு இறங்காதீர்கள், பையனைக் கால் நனைக்கவும் விடாதீர்கள். யாராவது ஆச்சி பார்த்துவிட்டால் தொலைந்தது.

திருப்பத்தூர் தம்பி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் பறவையை விட்டுவிட்டாரே. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயம், 1977ல் அறிவித்தது. பொங்கல் சமயம் நல்ல சீசன். கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்க் கரையில் நின்றால் போதும், தண்ணீருக்குள் நிற்கிற மரமெல்லாம் எச்சத்தில் வெள்ளையடித்த மாதிரி இருக்கும், கிளைக்குக் கிளை நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா. கரை சமமாக இருப்பதால் அம்மாவும் மெதுவாக நடக்கலாம். பறவை பயந்துவிடும் என்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, அதனால் நீங்களும் போனில் பாட்டுப் போடாமல் இருங்கள். ஒரே விஷயம், மழை பொய்த்த வருஷம் கண்மாய் வற்றிக் கிடக்கும், யாரையாவது விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோட்டைமேடு:
மலையே இல்லை என்று ஊரணிக்கரை அண்ணே அடித்துவிட்டால் எப்படி? புதுக்கோட்டை ரோட்டில் திருமயம் இருக்கிறதே. 1687ல் ராமநாதபுரம் ராஜா சேதுபதி கட்டிய கோட்டை, உள்ளே முழுக்கப் பாறை, உச்சியில் பீரங்கி. ஏறும் வழியில் பாறையைக் குடைந்து லிங்கம் வைத்திருக்கிறார்கள், அதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும், பையன் கொண்டாடுவான். அம்மாவை மேலே ஏற்றாதீர்கள். கீழேயே பக்கத்துப் பக்கத்தில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் என்று இரண்டு குடைவரைக் கோயில், பள்ளிகொண்ட பெருமாள் அத்தனை பெரிசு. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பாறையும் கொதிக்கும், அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

நிஜமாகவே மூச்சு வாங்க ஏற வேண்டும் என்றால் சிங்கம்புணரி பக்கம் பிரான்மலை, பாரி ஆண்ட பறம்பு மலை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. பாதை செங்குத்து, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு வேண்டாம், மச்சானைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காரைக்குடி மாப்பிள்ளை:
மச்சான் பத்து மணிக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததில்லை. அம்மா இருப்பதால் வேட்டங்குடி, கானாடுகாத்தான், திருமயம் என்று வைத்துக்கொள்கிறேன். கானாடுகாத்தானும் திருமயமும் ஒரே காலையில் முடியுமா?

ஊரணிக்கரை:
காரில் போனால் முடியும், இரண்டும் ஒரே திசைதான். திருமயத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது தெருவில் நடந்தால் வீட்டு நிழலாவது கிடைக்கும், பாறையில் அதுவும் கிடையாது. கோட்டைக்கு டிக்கெட் உண்டு, சில்லறை வைத்திருங்கள்.