கண் அழுத்தம் பார்க்க எங்கே போகலாம்?
வணக்கம் உறவுகளே, நாங்கள் புதுக்குடியிருப்பு. அப்பாவுக்கு 61 வயது, வரம்பில் நடக்கும்போது பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியவில்லை என்றார், நாங்கள் கண்ணாடி பழசாகிவிட்டது என்று நினைத்து அதை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம். போன கிழமை பார்த்தால் கண் அழுத்தம் 30க்கு மேல் (10 முதல் 21 வரைதான் வழக்கம்), கண் நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா நோயாம். நோவே இல்லாமல் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது என்றதும் அம்மா அழுதுவிட்டா. இனிச் சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாமல் போட்டு மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும்.

சகோதரங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால் அத்தைக்கும் அண்ணாவுக்கும் எனக்கும் பார்க்க வேண்டும். எழுத்துப் பலகை வாசித்தால் மட்டும் போதாது, அழுத்தமும் கண் நரம்பும் பார்க்க வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பார்வைப் புலப் பரிசோதனை (ஓரப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) செய்தவர்கள் இருக்கிறீர்களா, இல்லை யாழ்ப்பாணம்தான் போகவேண்டுமா? கிளினிக் நாள் எது, கடிதம் தேவையா என்பதையும் சொல்லுங்கள்.