கான்ச்சிங்: துழாவலா, சங்காட்டலா?

அன்புடையீர்,

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வளர்ப்பவர்களுக்காகச் சாக்லேட் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சர்க்கரையும் கொக்கோவும் ஏறத்தாழ 20 மைக்ரான் அளவுக்கு அரைபட்டுவிட்டால் நாக்குக்குத் துகள் தெரியாது. 30ஐத் தாண்டினால் மணல்போல் தட்டுப்படும். அந்த உணர்வுக்கு ‘நறநறப்பு’ என்று எழுதியிருக்கிறேன். அரைத்த குழம்பைச் சூட்டோடு மணிக்கணக்கில் கலக்கும் ‘கான்ச்சிங்’குக்கு ‘நுண்ணரைப்பு’ என்று போட்டிருந்தாலும், மனம் ஒப்பவில்லை. இவற்றுக்குப் பொருத்தமான சொற்களைச் சொல்ல வேண்டுகிறேன்.

---

அன்புள்ள அம்மா,

1879இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சாக்லேட் தயாரிப்பாளர் ரொடால்ஃப் லிண்ட் இதற்கென அமைத்த தொட்டி சிப்பி வடிவில் இருந்ததால்தான் ‘கான்ச்சிங்’ என்ற பெயர் வந்தது. சிப்பியைக் குறிக்கும் கிரேக்கத்துக் ‘கொங்கே’யும் வடமொழிச் ‘சங்க’மும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பார்கள். எனவே செக்காட்டல், மாவாட்டல் என்பவற்றின் வழியில் ‘சங்காட்டல்’ என்று சொன்னால் பெயரின் வரலாறும் செயலும் ஒரே சொல்லில் அடங்கும். ‘நறநறப்பு’ நீளமாக இருக்கிறது, ‘நறப்பு’ போதும்.

---

ஐயா,

‘நறப்பு’ என்பதை ஏற்க இயலவில்லை. இரட்டைக்கிளவி பிரிந்திசையாது என்பது தொல்காப்பிய விதி. அதைவிட முதன்மையான தடை, ‘நற’ என்று தனித்து நின்றதும் நறுமணமும், தேனைக் குறிக்கும் நறவும் நினைவுக்கு வருவதே; சாக்லேட்டின் குறையைச் சொல்லப் போய் அதன் மணத்தைப் புகழ்ந்ததாக முடியும். சரியாக அலசாத கீரையில் மண் கடிபட்டால் எந்த வீட்டிலும் ‘நறநற’ என்றுதான் சொல்வார்கள். சாக்லேட்டில் ஈரம் படிந்து, கரைந்த சர்க்கரை மீண்டும் பெரும்படிகமாக உறைந்தாலும் வாயில் அதே உணர்வுதான் என்பதால், இரண்டு காரணங்களுக்கும் இந்த ஒரு சொல்லே போதும்.

கான்ச்சிங்கின் முதன்மையான வேலை அரைப்பதன்று. கோவைக் கல் கிரைண்டரைச் சற்றே மாற்றி, பல நாடுகளின் சிறு தயாரிப்பாளர்கள் சாக்லேட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் அரைப்பும் கான்ச்சிங்கும் ஒரே பாத்திரத்தில் நடப்பதால்தான் இந்தக் குழப்பம். நானும் அப்படி ஒன்றை ஓட்டியிருக்கிறேன். இருபது மணி நேரத்துக்குப் பின் மூடியைத் திறந்தபோது வினிகர் நெடி கண்ணைக் கரித்தது: கொக்கோ நொதித்தபோது விதைக்குள் ஏறிய அமிலம் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே குழம்பைத் தேய்த்தால் துகள் தட்டுப்படவில்லை, ஆனால் களிபோல் இழுத்தது. மேலும் ஓட ஓடக் கொக்கோ வெண்ணெய் ஒவ்வொரு துகளையும் போர்த்திக்கொள்ள, கரண்டியிலிருந்து நாடாவாக வழிந்தது. ஆகவே அரைப்பும் ஆட்டலும் இச்செயலுக்குப் பொருந்தா. ‘கடைதல்’ என்று முன்பு ஒருவர் சொன்னதும் நேர்மாறானது. கடைந்தால் வெண்ணெய் பிரியும், இங்கே அது ஒட்ட வேண்டும்.

அல்வா கிண்டுபவர் செய்வதே இதற்கு நெருக்கம் என்பதால் ‘துழாவல்’ என்பேன்.

---

ஐயா, மிக்க நன்றி. ‘நறநறப்பு’, ‘துழாவல்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பின்னதற்கு முதலிடத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘கான்ச்சிங்’ என்றும் சேர்க்கிறேன். மூவர் இதற்கு இசைந்து தனியே எழுதியிருக்கிறார்கள்.

---

அம்மா, கூழையும் துழாவுகிறோம், குழம்பையும் துழாவுகிறோம். மூன்று நாள் ஓடக்கூடிய ஒரு தொழிற்செயலுக்கு அது கலைச்சொல் ஆகாது. அச்சு நெருங்கியதால் இப்போது வழிவிடுகிறேன். ‘சங்காட்டல்’ என்பதை அடைப்புக்குறிக்குள்ளேனும் சேர்க்க வேண்டுகிறேன்.