மெக்ஸிகோ சிட்டியில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், கேஸ்காரர்: என் அனுபவம்

மெக்ஸிகோ சிட்டியில் பிளம்பர், எலக்ட்ரீஷியன்களைக் கூப்பிடுவது பற்றி இங்கே எனக்கு முன்னால் எழுதியவர்களில் பாதிப் பேர் "வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தால் விலையைக் கூட்டுவார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு அப்படி நடந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நார்வார்த்தே பகுதியில் வாடகைக்கு இருக்கிற எனக்கு நடந்ததெல்லாம் பெரும்பாலும் வேறு மாதிரி. புதிதாக வரப்போகிறவர்கள் பயந்துகொண்டே வந்து இறங்கக் கூடாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். ஏற்பாடு நம் ஊர் மாதிரிதான்: தரைக்கு அடியில் சிஸ்டெர்னா என்கிற சம்ப், மொட்டை மாடியில் தினாக்கோ என்கிற டேங்க், நடுவில் ஒரு மோட்டார். நகரக் குழாயில் வருவது மாடிவரை ஏறாது, சில பகுதிகளுக்கு முறை வைத்துத்தான் விடுகிறார்கள், ஆகவே மோட்டார் படுத்தால் வீடே நின்றுவிடும். எங்கள் மோட்டார் ஒருநாள் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. தெருமுனையில் இருக்கிற தலாபலேரியாவில் (பெயிண்ட், ஆணி, குழாய்ச் சாமான் எல்லாம் விற்கும் சின்னக் கடை) போய்ச் சொன்னேன். கடைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார், அன்று மதியமே வயதான பிளம்பர் ஒருவர் கையாள் பையனோடு வந்துவிட்டார். இணையத்தில் தேடி ஆள் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். கடைக்காரர் சொல்லி வருகிறவர் அந்தத் தெருவிலேயே நாளைக்கும் வேலை செய்தாக வேண்டும், தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

வந்தவர் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கொதித்தது, உடனே ஸ்விட்சை அணைத்தார். மேலே இருந்த திருகு மூடியைக் கழற்றி டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். நிறைந்தது, அப்புறம் கண்ணெதிரே மெல்லக் கீழே இறங்கிவிட்டது. கிணற்று மோட்டார் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம், ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் இருந்து, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது). என் ஸ்பானிஷ் அவ்வளவு தூரம் போகாது, கையை மூடித் திறந்து காட்டினேன். அவர் முகம் மலர்ந்து "பிச்சாஞ்சா!" என்றார், ஃபுட் வால்வுக்கு இங்கே அதுதான் பெயர். உறிஞ்சு குழாயை மேலே இழுத்துப் பார்த்தால், பித்தளை வால்வின் மூடிக்கு நடுவே விரல் நகம் அளவு சிமென்ட் சில்லு ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு, பையிலிருந்து பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து உள்ளே தேய்த்து, குழாயைச் செங்குத்தாகப் பிடித்துத் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். ஒழுகவில்லை. புதிது போட்டுவிடலாமே என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார், இந்தப் பித்தளை நல்ல கனம், இப்போது கடையில் கிடைப்பது பிளாஸ்டிக், இதுவே பல வருடம் வரும் என்றார். புதிதை மாட்டிவிட்டு இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இவர்களைப் பற்றி ஏமாற்றுக்காரர்கள் என்று ஒட்டுமொத்தமாகப் படிக்கும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

அடுத்தது நம் ஆட்கள் எல்லோரும் கேட்கிற கிரைண்டர் பிரச்சினை. இங்கே வீட்டு மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸியும் கிரைண்டரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே செருகினால் மிக்ஸி மெதுவாகச் சுற்றும், கிரைண்டர் உறுமிக்கொண்டு நிற்கும். பலர் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிறார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் முதலில் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். வீட்டுக்கு இரண்டு ஃபேஸ் வருகிறது என்றால் அந்த இரண்டுக்கும் இடையே 220 வோல்ட் கிடைக்கும், சமையலறைக்குத் தனி லைன் இழுத்துத் தனிப் பிளக் பாயின்ட் வைத்துத் தருகிறேன் என்றார். செய்தும் கொடுத்தார், இரண்டு பக்கமும் துண்டிக்கிற பிரேக்கரோடு, மேலே பெரிய எழுத்தில் 220 என்று எழுதி ஒட்டி. ஒரே ஃபேஸ் வருகிற வீடாக இருந்தால் இது நடக்காது, டிரான்ஸ்ஃபார்மர்தான். இன்னொன்று, 60 ஹெர்ட்ஸில் கிரைண்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், மாவு சீக்கிரம் சூடாகும், ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். முதல் மாவில் சுட்ட தோசையை அவர் பச்சை மிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினார்.

கேஸ் விஷயத்தில் மட்டும் எனக்கும் மனக்கசப்பு உண்டு. மாடியில் நிலையான தொட்டி, லாரி வந்து குழாய் வழியாக நிரப்பும். ஒரு கம்பெனியின் லாரி ரசீதில் காட்டிய லிட்டருக்கும் தொட்டியின் அளவு காட்டும் முள் காட்டியதற்கும் சம்பந்தமே இல்லை. அதன்பிறகு பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்தபடி செய்கிறேன்: நிரப்புவதற்கு முன் முள் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று போட்டோ, லாரி மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று ஒரு பார்வை, அப்புறம் கணக்கு. 300 லிட்டர் தொட்டி 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏறினால் 180 லிட்டர், அவ்வளவுதான். கேஸுக்கு 2021 ஆகஸ்ட் முதல் அரசு அதிகபட்ச விலை நிர்ணயித்து வாராவாரம் வெளியிடுகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றிய அளவு குறைந்தால் நுகர்வோர் அமைப்பான ப்ரோஃபெகோவில் புகார் கொடுக்கலாம்.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. கூலி தனி, சாமான் தனி என்று முதலிலேயே பேசிவிடுங்கள், சாமானுக்கு முன்பணம் கேட்பது வழக்கம், சந்தேகப்பட வேண்டாம், வேண்டுமானால் கூடவே கடைக்குப் போய் நீங்களே வாங்குங்கள். ஆனால் கூலியில் அடித்துப் பேசாதீர்கள். நகரின் நடுவே சோக்கலோ சதுக்கத்தில் பேராலயத்தின் வேலி ஓரமாகக் காலையில் போய்ப் பாருங்கள்: பிளம்பர், பெயிண்டர், கொத்தனார், எலக்ட்ரீஷியன் என்று எழுதிய சின்னப் பலகையைக் கருவிப் பையின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏற ஏற உட்கார்ந்தே இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஐம்பது பெசோவுக்காக வாயாட மனம் வராது.

மரியாதையும் முக்கியம். ஆள் வந்ததும் நேரே வேலைக்குப் போகாமல் முதலில் வணக்கம் சொல்லி, கையாள் பையனுக்கும் சேர்த்துச் சொல்லி, மாயெஸ்த்ரோ என்று அழைத்துப் பேசுங்கள், நம் ஊரில் மேஸ்திரி என்று சொல்வதைப் போல. மே 3 அன்று கொத்தனார்களுக்கான நாள். எதிர்ப்புறம் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தபோது அன்று உச்சியில் மரச் சிலுவை நட்டு, கலர் காகிதப் பூ சுற்றி, வெடி வெடித்தார்கள். சாப்பாடு கட்டிட உரிமையாளர் செலவு, பெரிய பாத்திரம் நிறைய பன்றி இறைச்சி கார்னித்தாஸ், சூடான தோர்த்தியா ரொட்டி. வேடிக்கை பார்த்த என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், இறைச்சி சாப்பிடுவதில்லை என்றதும் ஒருவர் பீன்ஸும் நோபால் கள்ளியும் வைத்துத் தட்டை நீட்டினார்.

வடக்கே மான்டெரே நகரில் இருப்பவர்கள் ஏசி மெக்கானிக் அனுபவத்தை எழுதுங்கள். அங்கே கோடையில் 40 டிகிரி தாண்டுகிறது, அடுத்த மாதம் என் தம்பி குடும்பத்தோடு அங்கே குடிபோகிறான், நம்பிக் கூப்பிடுகிற மாதிரி ஆளை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.