கட்டணப் பள்ளியில் சத்துணவு கிடைக்க வழி உண்டா?

சாட்ஸ்வர்த் தாய்:
வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், என் மகன் படிக்கும் அரசுப் பள்ளியில் கட்டணம் வாங்குகிறார்கள். ஆனால், பெற்றோர் வேலையிழந்த பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். அரசின் சத்துணவுத் திட்டம் எங்களுக்கு ஏன் இல்லை?

பீனிக்ஸ் ஆசிரியர்:
அம்மா, 1994-இல் மண்டேலா அரசு தொடக்கப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய அத்திட்டம், 2009 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் படிப்படியாக விரிந்து, இன்று 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உணவளிக்கிறது. ஆயினும், பள்ளிகளை மிக ஏழ்மையானது முதல் வசதியானது வரை ஐந்து நிலைகளாகப் பிரித்து, கட்டணமில்லாத முதல் மூன்று நிலைகளுக்கே பெரும்பாலும் வழங்குகிறார்கள். பள்ளி அமைந்துள்ள வட்டாரத்தின் வருமானத்தையும் கல்வியையும் வைத்தே நிலை முடிவாவதால், தொலைவிலிருந்து வரும் ஏழைப் பிள்ளை கணக்கில் வருவதே இல்லை. இது பெரிய அநியாயம். நிர்வாகக் குழுவின் வழியாக, நிலையை மறுபரிசீலனை செய்யுமாறு மாகாணக் கல்வித் துறைக்கு எழுதுங்கள்.

டோங்காட் பாட்டி:
என் பேத்தியின் பள்ளியில் காலை பத்து மணிக்குள் தட்டு வந்துவிடுகிறது. சோறு, சோயாக் கறி, ஓரத்தில் முட்டைக்கோசு. புரட்டாசியில் டின் மீன் போடும் நாளில் நம் பிள்ளைகள் சாப்பிடாமல் எழுந்துவிடுவதால், அன்று பீன்ஸ் குழம்பும் சமைக்குமாறு முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம், செய்தார்கள்.

சாட்ஸ்வர்த் தாய்:
மிக்க நன்றி. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதை எழுப்புகிறேன்.